முதலில் சக்கர நட்டை எண்ணுங்கள்

கார் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் ஃபோர்டு கம்பெனியின் 1966 மஸ்டாங் கார் இருக்கிறது, ஆறு சிலிண்டர். துருவை வெட்டி, தகரம் மாற்றி, பாடி வேலை முடிந்துவிட்டது. இன்ஜின்தான் பாக்கி. பார்க்கப் பழசாகவும் ஓட்டப் புதுசாகவும் இருக்க வேண்டும். ஒரு நண்பர் ஃபோர்டின் கொயோட்டி இன்ஜினைப் போடு என்கிறார், இன்னொருவர் ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) எல்எஸ் என்கிறார். எதைப் போடலாம்?

பதில்: இரண்டுமே நல்ல இன்ஜின்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் குனிந்து சக்கரத்தைப் பாருங்கள். நான்கு நட்டு இருக்கும். அந்தக் காலத்தில் வி8 (எட்டு சிலிண்டர்) மஸ்டாங்குக்கு ஐந்து நட்டு, ஆறு சிலிண்டருக்கு நான்குதான். நட்டு மட்டுமா குறைச்சல், பின் ஆக்சிலும் சின்னது, பிரேக் டிரம்மும் சின்னது. 120 எச்.பி.க்குக் கணக்குப் போட்டுச் செய்த கார் அது. அதில் 400 எச்.பி.யை இறக்கினால் டிஃபரன்ஷியல் (பின் ஆக்சிலின் பற்சக்கரப் பெட்டி) எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது, வேகமாகப் போன கார் நிற்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அதனால் ஐந்து நட்டு ஆக்சில், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பெரிய ரேடியேட்டர், இதற்கெல்லாம் முதலில் பணத்தை எடுத்து வைத்துவிட்டு மிச்சம் இருப்பதில் இன்ஜின் தேடுங்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள், பாதியில் பணம் தீர்ந்து கார் ஷெட்டில் நிற்கிறது.

இப்போது கொயோட்டி. 2011 மஸ்டாங்கில் வந்த 5 லிட்டர் இன்ஜின், 412 எச்.பி., ஓட்டினால் ஆசை விடாது. ஆனால் ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டிலும் வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு இருப்பதால் மேலே ரொம்ப அகலம். உங்கள் காரில் பானட்டுக்கு உள்ளே இரண்டு பக்கமும் ஷாக் டவர் (ஷாக் அப்சார்பரைத் தாங்கும் தகரக் கூடு) முட்டிக்கொண்டு நிற்கும். அதை வெட்டி எடுத்து, முன் சஸ்பென்ஷனையே வேறு மாதிரி மாற்றினால்தான் இன்ஜின் ஒழுங்காக உட்காரும். பாடி வேலை முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், கொயோட்டி என்று முடிவெடுத்தால் மறுபடி முதலிலிருந்து.

எல்எஸ், ஜிஎம்மின் 1997 கார்வெட் காரில் எல்எஸ்1 என்ற பெயரில் வந்தது, 5.7 லிட்டர், அலுமினிய பிளாக். கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் அகலம் குறைவு. கண்ட காரிலெல்லாம் இதைப் போடுகிறார்கள் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் உங்கள் காரில் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட், ஆயில் தேங்கும் சம்ப், எக்ஸாஸ்ட் எல்லாமே தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஃபோர்டு பானட்டுக்குள் ஜிஎம் இன்ஜின் எனக்குக் கண்ணை உறுத்தும், அது என் சொந்த வியாதி, நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

என்னைக் கேட்டால், 1987 முதல் 1992 வரை மஸ்டாங் ஜிடியில் வந்த 5 லிட்டர் எச்ஓ (ஹை அவுட்புட்) இன்ஜின். ஃப்யூயல் இன்ஜெக்ஷன், 225 எச்.பி. உங்கள் காரின் வி8 அண்ணனில் இருந்த 289 (கன அங்குல) இன்ஜினின் வாரிசுதான் இது, ஆகவே அந்தக் கால வி8 மவுண்ட்டை வாங்கிப் போட்டால் வெட்டு, வெல்டு இல்லாமல் உட்காரும். கூடவே வந்த டி5 ஐந்து கியர் பாக்ஸும் டனலை (கியர் பாக்ஸுக்கு மேலே தரையில் உள்ள மேடு) வெட்டாமல் போகும். மூன்று இடத்தில் மட்டும் கவனம். அதன் ஆயில் சம்ப் உங்கள் ஸ்டீயரிங் கம்பியில் இடிக்கும், குழி முன்பக்கம் உள்ள சம்ப்பும் அதற்கேற்ற, ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயும் வேண்டும். அடுத்தது பேலன்ஸ், அதாவது அதிர்வைச் சமன் செய்ய ஃப்ளைவீலில் வைத்திருக்கும் ஒருபக்க எடை: பழைய 289க்கு 28 அவுன்ஸ்-இன்ச், இதற்கு 50 அவுன்ஸ்-இன்ச். பழைய ஃப்ளைவீல் கையில் இருக்கிறதே என்று மாட்டினால் கார் முழுக்க உதறும், கிராங்க் பேரிங்கும் போகும். மூன்றாவது, ஃபயரிங் ஆர்டர், சிலிண்டர்கள் எரியும் வரிசை. பழையது 1-5-4-2-6-3-7-8, இது 1-3-7-2-6-5-4-8. பழைய வி8 பழகிய மெக்கானிக் பழக்க தோஷத்தில் பிளக் வயரைப் பழைய வரிசையில் சொருகிவிடுவார், இன்ஜின் படபடவென்று வெடிக்கும், அப்புறம் எல்லோரும் சேர்ந்து இன்ஜெக்ஷன் கம்ப்யூட்டரைக் குறை சொல்வார்கள்.

கேள்வி: 1960களின் 289 ஹை-பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினுக்கே 271 எச்.பி. என்று போட்டிருக்கிறது. இருபது வருடம் கழித்து வந்ததற்கு 225தானா? பின்னோக்கிப் போவதுபோல் இருக்கிறதே?

பதில்: அளந்த விதம் வேறு. அமெரிக்கக் கம்பெனிகள் 1971 மாடல் வரைக்கும் பெரும்பாலும் கிராஸ் கணக்கைத்தான் சொல்லின. இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து, ஏர் ஃபில்டர், சைலன்ஸர் எதுவும் இல்லாமல் அளந்தது. 1972 முதல் நெட் கணக்கு, காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் மாட்டி அளப்பது. அதோடு அந்த 271 வருவது நிமிடத்துக்கு 6000 சுற்றில். எச்ஓவின் 225 சுமார் 4200லேயே வந்துவிடும். தினமும் ஓட்டுபவருக்கு எது வசதி என்று நீங்களே பாருங்கள்.

கேள்வி: கார்புரேட்டர் இன்ஜினை எடுத்துவிட்டு இன்ஜெக்ஷன் இன்ஜின் வைக்கிறேன். பழைய பெட்ரோல் டேங்க் போதுமா?

பதில்: போதாது. கார்புரேட்டருக்கு ஐந்தாறு பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால் சரி, எல்எஸ்ஸுக்குச் சுமார் 58 வேண்டும். எலெக்ட்ரிக் பம்ப், அந்த அழுத்தம் தாங்கும் ஹோஸ், பெரும்பாலும் மிச்ச பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ஒரு ரிட்டர்ன் லைன் தேவைப்படும். இதைவிட முக்கியம் டேங்குக்குள் தடுப்பு. தடுப்பு இல்லாத டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது நீளமான வளைவில் திரும்பினால், பெட்ரோல் ஒரு ஓரமாக ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்து, இன்ஜின் இருமும். கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணம் கொஞ்ச நேரம் சமாளிக்கும், இன்ஜெக்ஷனுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது.

கேள்வி: எம்ஜிபி ஜிடி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கிறேன். அவ்வளவு சின்ன காரில் வி8 போட்டால் மூக்கு கனத்துவிடாதா?

பதில்: கம்பெனியே போட்டு விற்றது, 1973 முதல் 1976 வரை. ரோவரின் 3.5 லிட்டர் அலுமினிய வி8, மூலம் பியூக்கினுடையது. அதிலிருந்த இரும்பு நான்கு சிலிண்டரைவிட எடை கொஞ்சம் குறைவுதான். தாராளமாகப் போடலாம்.

கேள்வி: என் காரின் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பொருந்துகின்றன. மாற்றினால் மதிப்பு போய்விடுமா?

பதில்: இன்ஜினைத் தொலைத்தால் போகும், அதனால் விற்காதீர்கள். கழற்றிய பிறகு சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு, துவாரங்களை அடைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி மூடி வையுங்கள். கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் டப்பா, பிராக்கெட், சின்ன போல்ட் வரை பெயர் எழுதிப் பெட்டியில் போடுங்கள், பின்னால் தேடும்போது இன்ஜினைவிட அவைதான் கிடைக்காது. புது இன்ஜினுக்காகச் சேஸிஸை வெட்டவோ வெல்டு வைக்கவோ விடாதீர்கள், போல்ட்டில் நிற்கும் மவுண்டாகக் கேளுங்கள். அப்படி நிற்காது என்று மெக்கானிக் சொன்னால், அந்த இன்ஜின் உங்கள் காருக்கு வேண்டாம்.