கடைசி வட்டத்தில் கவிழ்வது ஏன்?

கேள்வி: பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற கைபேசி விளையாட்டில், எராங்கல் மேப்பில் எப்படியும் கடைசிப் பத்து பேருக்குள் வந்துவிடுகிறேன். ஆனால் சிக்கன் டின்னர், அதாவது கடைசி ஆளாக மிஞ்சும் வெற்றி, மட்டும் கிடைப்பதே இல்லை. என்ன தவறு செய்கிறேன்?
- வாசகர், தேனி

பதில்: பெரும்பாலும் நீங்கள் நகரும் நேரம்தான் தவறு. வெளியே நிற்பவரின் உயிரைக் குறைத்தபடி சுருங்கி வரும் நீல வட்டம் முதுகைத் தொட்ட பிறகு ஓடினால், உள்ளே ஏற்கெனவே மறைவிடம் பிடித்தவர்களுக்கு நீங்கள் இலவச இரை. அடுத்த பாதுகாப்பான இடத்தைக் காட்டும் வெள்ளை வட்டம் தெரிந்ததுமே கிளம்புங்கள். நடுவில் போய் நிற்காதீர்கள். நாலு பக்கமும் அடி விழும். வட்டத்தின் உள்விளிம்பை ஒட்டி, பாறையோ மேடோ இருக்கும் இடம் நல்லது. ஆரம்பத்தில் நீலத்தின் அடியைத் தாங்கலாம், கடைசி வட்டங்களில் மருந்து ஈடுகொடுக்காது.

பலரும் பையில் தோட்டாவை அடைத்துவிட்டு மருந்துக்கு இடமில்லாமல் தவிக்கிறார்கள். 5.56 ரகத் தோட்டா 180 முதல் 200 போதும். மிச்ச இடத்தில் நாலைந்து ஸ்மோக் (புகைக்குண்டு), எனர்ஜி டிரிங்க், பெயின்கில்லர். ஃபர்ஸ்ட் எய்ட் உயிரை நூறில் 75 வரைதான் ஏற்றும். மீதியை டிரிங்க்கும் பெயின்கில்லரும் தரும் பூஸ்ட்தான் மெல்ல நிரப்பும். பூஸ்ட் பட்டையில் ஒரு டிரிங்க் 40, ஒரு பெயின்கில்லர் 60. இரண்டும் சேர்ந்தால் பட்டை முழுசு, ஓட்டமும் கூடும். சண்டைக்கு முன்பே குடித்துவிடுங்கள்.

ஸ்மோக்கை உங்கள் காலடியில் மட்டும் போடாதீர்கள், எதிரிக்கும் உங்களுக்கும் நடுவே வீசுங்கள். கடைசி மூவரில் ஒருவராக இருந்தால் முதலில் சுடாதீர்கள். மற்ற இருவரும் மோதட்டும். கோழைத்தனம் என்று நண்பர்கள் கிண்டல் செய்தால் செய்யட்டும்.