ஊசி அளவு குறைந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. காட்பாடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். இரண்டு மாதம் முன்பு வாந்தி, மூச்சிரைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சர்க்கரை 540 இருந்தது. டைப் 1 சர்க்கரை நோய் என்றார்கள். தினமும் நான்கு முறை இன்சுலின். இப்போது சர்க்கரை குறைந்து, டாக்டரே ஊசி அளவைப் பாதியாக்கிவிட்டார். "குணமாகிட்டு வருது, ஊசியை விட்டுட்டு மூலிகைக்கு மாறிடலாம்" என்கிறார் மாமா. அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். தம்பி எங்களோடு பேசுவதே குறைந்துவிட்டது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, குடியாத்தம்

பதில்:

முதலில் மாமாவுக்கு. ஊசியை நிறுத்தக் கூடாது, ஒரு நாள்கூட.

உங்கள் தம்பியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அவன் உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துக்கொண்டிருக்கிறது. இனிப்பு தின்றதால் வந்ததல்ல, யார் வளர்ப்பின் குறையும் அல்ல. அம்மாவுக்கு இதை நிதானமாகச் சொல்லுங்கள், அழுகையில் பாதி அந்தக் குற்ற உணர்ச்சியாக இருக்கலாம். வெளியிலிருந்து இன்சுலின் கிடைத்ததும், மிச்சமிருக்கும் கொஞ்சம் செல்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வேலை செய்யும். அதனால்தான் தேவை குறைந்திருக்கிறது. இதைத் 'தேனிலவுக் காலம்' என்போம். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் நீடிக்கும். பிறகு அந்தச் செல்களும் போய், தேவை மறுபடி ஏறும். இந்த இடைவெளியில் யார் எந்தப் பொடி கொடுத்தாலும் 'கேட்டது' போலவே தெரியும். உண்மையில் வேலை செய்வது ஊசிதான். 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல்முறையாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓரிரு வருடங்களில் இறந்தார்கள். மூலிகைகள் அன்றும் இருந்தன.

ஊசியை விட்டால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரும். வயிற்று வலி, வாந்தி, ஆழமான வேக மூச்சு, வாயில் பழ வாடை: அன்று அவனைச் சேர்த்தபோது இருந்ததே, அதே நிலை. காய்ச்சல், வயிற்றுப்போக்கு சமயத்திலும் இது வரலாம். "சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு" என்று நிறுத்துவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைச் சாப்பாட்டுக்கேற்ப டாக்டர் குறைக்கச் சொல்லலாம்; நீண்ட நேரம் வேலை செய்யும் அடிப்படை ஊசியை அவர் சொல்லாமல் விடக் கூடாது. உடம்பு சரியில்லாத நாளில் 3–4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள். 250-க்கு மேல் நின்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோன் ஸ்ட்ரிப்பால் சிறுநீரைச் சோதியுங்கள். கீட்டோன் கூடியிருந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

அடுத்தது லோ சுகர். 70-க்குக் கீழே போனால் கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம். டம்ளர் தண்ணீரில் மட்டமாக 4 டீஸ்பூன் சர்க்கரை கலந்து குடிக்க வேண்டும், சுமார் 15 கிராம் வரும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. சாக்லேட், பிஸ்கட் இந்த நேரத்துக்கு உதவாது. கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். மயங்கியவருக்குச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்டு, கிடைத்தால் போடக் கற்றுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் உங்களைவிட அறைத்தோழன் ஒருவன் தெரிந்துகொள்வது முக்கியம். அவனிடம் சொல்லவைக்கத் தம்பியைச் சம்மதிக்கச் செய்யுங்கள். மது குடித்தால் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட லோ ஆகலாம். பார்ப்பவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள். இதை அதட்டாமல் சொல்லுங்கள்.

நீண்ட நடையிலும் கவனம் வேண்டும். நண்பர்களோடு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போவான். 14 கிலோமீட்டர். நடக்கும்போது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வீடு திரும்பித் தூங்கும்போதும் இழுக்கும். போகும் நாளின் ஊசி அளவை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று தொடையில் ஊசி வேண்டாம், சீக்கிரம் உறிஞ்சிவிடும். பையில் சர்க்கரைப் பொட்டலம், மீட்டர், நடுவழியில் ஒரு சோதனை, படுக்கும் முன் ஒன்று.

வேலூர் வெயிலில் இன்சுலின் கெடுவது தனிக் கவலை. கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊர். பிரிக்காத இன்சுலின் பேனா, பாட்டில் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும். ஃப்ரீசரிலோ, ஃப்ரீசரை ஒட்டியோ வேண்டாம், உறைந்த மருந்து வீண். பயன்படுத்திக்கொண்டிருப்பது 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் 28 நாள் தாங்கும். அட்டையில் போட்டிருப்பதைப் பாருங்கள். பிரித்த தேதியை மார்க்கரால் பேனாவிலேயே எழுதச் சொல்லுங்கள். ஹாஸ்டலில் ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதில் சின்னப் பானையைப் பதித்து, மருந்தை மூடிய டப்பாவில் உள்ளே வைத்து, ஈரத் துணியால் மூடலாம். காற்று காய்ந்திருக்கும் வெயில் காலத்தில், நிழலில் வைத்தால் நன்றாகவே குளிரும். பைக் பெட்டியில் மட்டும் வைக்கக் கூடாது. கெட்ட மருந்து எப்போதும் நிறம் மாறாது. ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை இறங்கவில்லையென்றால் முதலில் மருந்தைச் சந்தேகியுங்கள்.

பேனா இல்லாமல் சிரிஞ்ச் என்றால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகைப் பாட்டில்கள் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட், ஆபத்தான லோ. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே கடையை விட்டு வாருங்கள். போடும் இடத்தையும் மாற்ற வேண்டும். தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு, நேற்றைய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி. ஒரே இடத்தில் குத்தினால் தோலடியில் கொழுப்புக் கட்டி வரும், மருந்து அதில் சீராக உறிஞ்சப்படாது. பேனாவில் முதலில் 2 யூனிட் காற்றில் அழுத்தி, துளி வருகிறதா என்று பார்ப்பதும், குத்தியபின் பத்து எண்ணுவதும் சின்ன வேலைகள்தான். விட்டால் அளவு குறையும்.

சாப்பாட்டில் எதையும் ஒதுக்கத் தேவையில்லை, அளவுதான். நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து, ஒரு கப் சாதத்தில் 45 வரை. அம்மா தினமும் ஒரே கப்பால் பரிமாறட்டும், அவனுக்குக் கணக்குப் போட வசதி. ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டால் கொழுப்பு காரணமாகச் சர்க்கரை தாமதமாக ஏறும். இரண்டு மணி நேரத்தில் நன்றாக இருக்கிறதென்று நம்பாமல் நான்கு மணி நேரம் கழித்தும் பாருங்கள்.

அவன் பேச்சைக் குறைத்ததற்கு வருகிறேன். போனில் முதல் கேள்வி "சுகர் எவ்ளோ?" என்று இருந்தால் எந்தப் பிள்ளையும் போனை எடுக்கத் தயங்கும். 280 என்றால் திட்டு, 110 என்றால் பாராட்டு என்று வைத்தால், பொய் எண் சொல்லப் பழகிவிடுவான். மீட்டரில் வருவது மார்க் அல்ல, அடுத்த ஊசியை முடிவு செய்ய ஒரு தகவல். எந்த எண்ணைச் சொன்னாலும் "சரி, இப்ப என்ன பண்ணப் போற?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் அவன் படிப்பு, நண்பர்கள் பற்றிப் பேசுங்கள். ஊசியும் அளவும் அவன் பொறுப்பில் இருக்கட்டும். மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைப்பது உங்கள் வேலை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, படிப்பு எதிலும் நாட்டமில்லாமல் இருந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்று பேசினாலோ மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதல் வருடத்தில் பலருக்கு அது தேவைப்படுகிறது.

அடுத்த பரிசோதனைக்கு மாமாவையும் அழைத்துச் செல்லுங்கள். ஊசியை நிறுத்தலாமா என்ற கேள்வியை அவரே டாக்டரிடம் கேட்கட்டும். தைராய்டு பரிசோதனை ஆகிவிட்டதா என்று அன்றே கேளுங்கள். டைப் 1 உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வரக்கூடும்.