காக்கிச் சட்டையை வைத்துத் தாத்தாவின் வேலையைச் சொல்ல முடியுமா?

கேள்வி: எங்கள் பூர்வீகம் வியாசர்பாடி. 1958இல் காலமான என் தாய்வழித் தாத்தாவின் மூன்று படங்கள் வீட்டில் இருக்கின்றன. சட்டம் போட்டு மாட்டிய ஒன்றில் கோட்டு அணிந்திருக்கிறார்; ஸ்டுடியோவில் பாட்டியுடன் எடுத்துக்கொண்டது ஒன்று; மூன்றாவதில் காக்கி உடை அணிந்த முப்பது நாற்பது பேருக்கு நடுவே நிற்கிறார். ரயில்வேயில் இருந்தார் என்று பெரிய மாமாவும், பின்னி மில்லில் இருந்தார் என்று சித்தியும் சொல்கிறார்கள். படங்களை வைத்து முடிவு செய்ய இயலுமா?

பதில்: ஓரளவு இயலும். ஆனால், பெரும்பாலோர் முதலில் பார்க்கும் உடைதான் இதில் மிகக் குறைந்த உதவி செய்வது. பின்னி மில் என்று அழைக்கப்பட்ட பெரம்பூரின் பக்கிங்காம் மில் 1876இலும் கர்னாடிக் மில் 1881இலும் தொடங்கப்பட்டு, 1920இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. அவை பேர்பெற்றதே காக்கித் துணிக்காகத்தான். அந்தத் துணி ராணுவத்துக்கும் போனது, கடைத்தெருவுக்கும் வந்தது. எனவே மில்காரர், ரயில்வேக்காரர், துறைமுகத்துக்காரர் எவரும் காக்கி அணிந்திருக்கலாம். தவிர, கறுப்பு வெள்ளைப் படத்தில் அது காக்கிதானா என்பதே ஐயத்துக்குரியது. அக்காலத்துப் பிலிம்களிலும் கண்ணாடித் தகடுகளிலும் பல, சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறியும் பதிவு செய்பவை. ஸ்டுடியோ படத்தில் பாட்டியின் குங்குமம் கன்னங்கரேலென்று தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது அத்தகைய பிலிமாக இருக்கக்கூடும், அதில் நீலச் சீருடையும் காக்கியைப் போலவே தோன்றும்.

சட்டம் போட்ட கோட்டுப் படத்தை நான் சாட்சியாகவே ஏற்கமாட்டேன். ஒருவர் இறந்தபின், குழுப்படத்திலிருந்தோ திருமணப் படத்திலிருந்தோ முகத்தை மட்டும் பெரிதாக்கி, ஸ்டுடியோ ஓவியரைக் கொண்டு கோட்டையும் காலரையும் தீட்டி மாட்டுவது நம் வீடுகளில் பரவலாக இருந்த வழக்கம். கழுத்துக்குக் கீழே தூரிகைக் கோடுகள் தெரிந்தாலும், முகத்தில் விழும் வெளிச்சமும் கோட்டில் விழும் வெளிச்சமும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தாலும், அந்தக் கோட்டு ஓவியருடையதே. பாட்டியுடன் உள்ள படத்தில் மேசைமேல் இருக்கும் கடிகாரமும் புத்தகமும் ஸ்டுடியோவின் பொருள்களாகவே இருக்கும். அவற்றை வைத்து அவரைக் குமாஸ்தா என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் குழுப்படத்தில்தான் கிடைக்க வேண்டும். இத்தகைய படங்கள் பெரும்பாலும் பெரிய தகட்டிலிருந்து அதே அளவில் நேரடியாக அச்சிடப்பட்டவை என்பதால், கண்ணுக்குத் தெரியாத நுண்மைகளும் அவற்றில் தங்கியிருக்கும். கைபேசியில் எடுப்பது போதாது; அங்குலத்துக்கு 1200 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கேன் செய்து, கணினியில் பகுதி பகுதியாகப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள், உரிந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யலாம்.

முதலில் உலோகத்தில் உள்ள எழுத்தைத் தேடுங்கள்: தொப்பி வில்லை, பித்தளைப் பொத்தான், இடுப்பு வாரின் கொக்கி. பெரம்பூர் ரயில் பட்டறைகளை நடத்திய எம்.எஸ்.எம். ரயில்வே என்ற பெயர் 1908இலிருந்து வழங்கியது. 1951 ஏப்ரல் 14இல் தென்னக ரயில்வே உருவானபோது அப்பெயர் மறைந்தது. வில்லையில் எம்.எஸ்.எம். என்பதன் ஆங்கில எழுத்துகள் இருந்தால் மாமாவின் கூற்று உறுதிப்படுவதோடு, படம் ஏறத்தாழ எந்தக் காலத்தது என்பதும் தெரிந்துவிடும். வெறும் எண் பொறித்த வட்டத் தகடு என்றால் அது தொழிலாளியின் அடையாள டோக்கனாக இருக்கலாம். டோக்கன் முறை மில்லிலும் உண்டு, பட்டறையிலும் உண்டு என்பதால் அது எந்தப் பக்கத்துக்கும் சான்றாகாது. எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் தகட்டைப் புரட்டிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். எழுத்தே இல்லாத படத்தில், எல்லோருடைய சட்டைப் பையும் வலப்புற மார்பில் இருந்தால் அதே ஐயம் எழ வேண்டும்.

அடுத்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்பது. நடுநாற்காலியில் மாலையோடு இருப்பவர், அநேகமாக ஓய்வு பெறுபவரோ மாற்றலாகிப் போகும் அதிகாரியோ ஆவார். அவருக்கு இருபுறமும் ஃபோர்மேன், சார்ஜ்மேன் போன்ற மேற்பார்வையாளர்கள் ஷூ அணிந்து உட்கார்ந்திருப்பார்கள். வேட்டிக்கு மேல் கோட்டும் தலைப்பாகையுமாக நாற்காலியின் ஓரத்தில் இடம்பெற்றவர் மேஸ்திரியாக இருக்கக்கூடும். நிற்பவர்கள் தொழிலாளர்கள், தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். முன்வரிசையின் காலடியில் பலகையோ சிலேட்டோ இருந்தால் அதில் பிரிவின் பெயரும் ஆண்டும் எழுதியிருக்கும். அது சாய்ந்து நிழலில் கிடந்தாலும், ஸ்கேனில் வெளிச்சத்தைக் கூட்டினால் இரண்டு மூன்று எழுத்துகளாவது மேலெழும்.

பின்னணியையும் விட்டுவிட வேண்டாம். ரம்பப் பல்லைப்போல வரிசையாக மடங்கிய கூரை தெரிந்தால், வடக்கு வெளிச்சம் மட்டும் உள்ளே விழும்படி கட்டப்பட்ட நெசவுக் கொட்டகையாக இருக்கலாம். தரையில் தண்டவாளம், சக்கர அச்சுகள், மரப்பலகைப் பெட்டியின் ஓரம் என்றால் லோக்கோ (எஞ்சின்) அல்லது கேரேஜ் (ரயில் பெட்டி) ஒர்க்ஷாப் பக்கம் யோசிக்கலாம். பெரம்பூரில் ரயில் பெட்டி தயாரிக்கும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 அக்டோபர் 2இல்தான் தொடங்கப்பட்டது. தாத்தா 1958இல் மறைந்ததால், முப்பதுகளில் இருப்பவரைப்போல அவர் தோன்றும் படத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. திருவொற்றியூரின் என்ஃபீல்டு ஆலையும் அதே ஆண்டில் தொடங்கியதுதான்.

படம் ஊகத்தைத் தரும். உறுதி காகிதத்தில்தான் இருக்கும். அம்மா, மாமா ஆகியோரின் திருமணப் பத்திரிகைகளைத் தேடுங்கள். பெயருக்குக் கீழே ‘பெரம்பூர் லோக்கோ ஒர்க்ஷாப் ஃபிட்டர்’ என்றோ, ‘கர்னாடிக் மில் வீவிங்’ என்றோ அச்சிடுவதில் நம்மவர்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை. பிள்ளைகள் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பமாயின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் பெரும்பாலும் இருக்கும். பாட்டி குடும்ப ஓய்வூதியமோ ரயில் பாஸோ பெற்றிருந்தால் அந்தத் தாளே போதும். மில் 1996இல் மூடப்பட்டுவிட்டதால் அங்கே பணிப்பதிவேடு கேட்டு அலைவதில் பயனிருக்காது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பின்னி மில்லின் 1921 வேலைநிறுத்தம் போன்றவை குறித்த அரசு ஆவணங்கள் உண்டு. தனித் தொழிலாளியின் பணி வரலாற்றை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

இரு தரப்பு நினைவும் சரியாக இருக்க வாய்ப்புண்டு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். 1921 வேலைநிறுத்தத்தைப் போன்ற நெருக்கடிக்குப் பின் மில்லை விட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். மாமாவையும் சித்தியையும் தனித்தனியாக உட்காரவைத்து, ‘எங்கே வேலை செய்தார்?’ என்று கேட்காமல், எத்தனை மணிச் சங்குக்குக் கிளம்புவார், சோறு யார் கொண்டுபோனார்கள், எந்த வாசலில் நின்று கொடுத்தார்கள், திரும்பும்போது சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்ததா, எண்ணெய்க் கறை இருந்ததா என்று கேளுங்கள். பிறகு குழுப்படத்தைக் காட்டி, தாத்தாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் யாரையாவது தெரிகிறதா என்று விசாரியுங்கள். அவர்களுடைய பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் இருந்தால், அதே படத்தின் இன்னொரு பிரதி, பின்புறத்தில் எழுத்தோடு, அவர்கள் வீட்டில் இருக்கக்கூடும்.