ஐடிஐ வழியாக ஒரு பிளஸ் டூ

அம்மா, உங்கள் மகனின் படிப்பைப் பற்றி அன்று பேசியதை எழுதித் தரச் சொன்னீர்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் அண்ணன் மறுபடி ஆரம்பிப்பார், அப்போது எடுத்துக் காட்டக் கையில் ஒரு தாள் வேண்டும் என்றீர்கள். இதே கவலையோடு வேறு சில வீடுகளும் இருப்பதால் பெயர், ஊர் எதுவும் இல்லாமல் எல்லாருக்குமாகவே எழுதுகிறேன்.

தம்பி என்றே உங்கள் மகனைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் 500-க்கு 278. உறவினர்கள் சொன்னார்கள் என்று பிளஸ் ஒன்னில் கணக்கு–உயிரியல் குரூப்பில் சேர்த்தீர்கள். அரையாண்டுத் தேர்வில் இயற்பியலும் கணக்கும் ஒற்றை இலக்கம். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்குப் போகவே இல்லை. அன்று முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் அண்ணன் பையிலிருந்து விடுதிப் பள்ளி ஒன்றின் கட்டணத் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். வருடத்துக்கு ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம், இரண்டு வருடம். "நகை இருக்கு சார், வச்சுக்கலாம்" என்று நீங்கள் சொன்னபோது கை தானாகக் கழுத்துக்குப் போனது. அதற்கு மேல் ஆறுதல் பேச எனக்கு மனம் வரவில்லை.

அந்த நகை அடகுக்குப் போகக் கூடாது. தம்பியின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டிச் சம்பாதிக்கிறார். வண்டிக் கடனே இன்னும் முடியவில்லை. பையன் வேண்டாம் என்று விட்டுவந்த அதே பாடத்தை, இன்னும் நெருக்கடியான இடத்தில், வீட்டை விட்டுப் பிரித்து, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் படிக்க வைக்க மூன்று லட்சத்து எழுபதாயிரம் செலவழிக்கப் பார்க்கிறீர்கள். அவனுக்குக் கணக்கு வராமல் போனதற்கு நேரம் போதாதது காரணம் என்றால் நானே சேர்க்கச் சொல்லியிருப்பேன். காரணம் அதுவாக எனக்குத் தெரியவில்லை.

தம்பியிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் உள்ள ஏசி மெக்கானிக் அண்ணனோடு போகிறானாம். என் அறையில் இருந்த ஏசியைக் காட்டி, "கேஸ் குறைஞ்சா காயில்ல ஐஸ் கட்டும் சார்" என்றான். கேஸ் குறைந்தால் குளிர்ச்சியும்தானே குறையும், ஐஸ் எப்படிக் கட்டும் என்று கேட்டேன். அழுத்தம் குறைவதால் காயிலின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடுகிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் உறைகிறது, அப்புறம் காற்றுப் போக வழியில்லாமல் அறை குளிர்வதில்லை என்று கையால் வரைந்து காட்டினான். இது இயற்பியல்தான் அம்மா. காகிதத்தில் வராத பாடம், குழாயைத் தொட்டால் வருகிறது அவனுக்கு. இதைக் கணக்கில் எடுக்காமல் அவன் படிப்பை முடிவு செய்ய மாமாவுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

இப்போது உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். "பிளஸ் டூ இல்லேன்னா டிகிரி கிடையாது, பொண்ணு தரமாட்டாங்க, கவர்ன்மென்ட் வேலைக்கு எழுத முடியாது" என்று வரிசையாகச் சொன்னீர்கள். பிளஸ் டூ அவசியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை அடையப் பதினொன்று, பன்னிரண்டு என்று பள்ளிப் பெஞ்சில் உட்கார்ந்தேதான் ஆகவேண்டும் என்பதில்லை.

தனித்தேர்வராக எழுதுவது, டுட்டோரியல் எல்லாம் உங்களுக்கே தெரியும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமும் இருக்கிறது. ஐந்து பாடம், ஐந்து வருட அவகாசம், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு நல்லது. ஆனால் அங்கேயும் பத்தாம் வகுப்பு தேறியதற்கும் பன்னிரண்டு தேறுவதற்கும் இரண்டு வருட இடைவெளி வேண்டும். அதனால் "மூணு மாசத்துல பிளஸ் டூ, பரீட்சைக்கு வர வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் படியே ஏறாதீர்கள். அங்கே கிடைக்கும் சான்றிதழ் எந்தக் கல்லூரிச் சரிபார்ப்பிலும் நிற்காது. பணத்தையும் வருடத்தையும் இப்படித் தொலைத்துவிட்டு வந்தவர்களை என் மேஜைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.

தம்பிக்கு நான் சொல்வது வேறு. அரசு ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், இரண்டு வருடத் தொழிற்பிரிவு. அதில் தேறித் தேசியத் தொழிற்சான்றிதழ் வாங்கியவர், தமிழ், ஆங்கிலம் ஆகிய மேல்நிலை மொழிப்பாடங்களை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால், அது பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகத் தமிழ்நாட்டில் ஏற்கப்படுகிறது. இயற்பியல், வேதியியல், கணக்கு எதையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. எட்டாம் வகுப்போடு ஐடிஐ சேர்ந்தவர்களுக்கும் இதே முறையில் பத்தாம் வகுப்புக்கு இணை உண்டு. இவ்வளவு நேரான ஒரு வழியைப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இதற்கு என்னென்ன தேவை என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. அது இருக்கிறது. ஐடிஐ கலந்தாய்வு பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கும். பிளஸ் ஒன்னில் வந்த ஒற்றை இலக்கத்தை அங்கே யாரும் கேட்கப் போவதில்லை.

அடுத்தது தொழிற்பிரிவு. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். வெல்டர் ஒரு வருடம். டீசல் மெக்கானிக், கோபா எனப்படும் கம்ப்யூட்டர் பிரிவு ஆகியவையும் ஒரு வருடம்தான். சீக்கிரம் முடிந்துவிடும் என்று அதில் சேர்ந்துவிட்டு, அப்புறம் பிளஸ் டூவுக்கு இணையான சான்றுக்கும் டிப்ளமோ சேர்க்கைக்கும் வந்து நின்றால் சிக்கல். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன், மோட்டார் வாகன மெக்கானிக், தம்பி கேட்கும் குளிர்பதன–ஏசி டெக்னீஷியன் எல்லாம் இரண்டு வருடம். டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐக்களைப் புதுப்பித்திருக்கிறார்கள். அங்கே ரோபோட், மின்வாகனம் என்று பெயர் கவர்ச்சியாக இருக்கும். நல்ல பிரிவுகள்தான், ஆனால் சேருமுன் காலம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏசி பிரிவில் சேர்ந்த அன்றே ஏசியைக் கொடுத்துவிட மாட்டார்கள், இதைத் தம்பிக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். முதலில் வைஸில் இரும்புத் துண்டைப் பிடித்து அரம் போட வேண்டும். தேய்த்த பரப்பின்மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார் மாஸ்டர். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் திரும்பப் போய்த் தேய்க்க வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் வரும். பிறகு மின்சார அடிப்படை, செம்புக் குழாயை வெட்டுவது, முனையை விரிப்பது, பற்றவைப்பது, வீட்டு ஃபிரிட்ஜ். ஏசியும் பெரிய குளிர்பதன நிலையங்களும் அதற்கப்புறம். இன்றைய ஏசிகளில் வரும் ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியது. தெரு அண்ணனோடு போய்க் கற்ற கைவேகத்துக்குப் பாதுகாப்பும் ஒழுங்கும் சேர்வது இந்தப் பயிற்சியில்தான்.

தேர்ச்சிக்கு அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வேண்டும். வருகை 80 சதவீதம் இருந்தால்தான் உட்கார விடுவார்கள். எழுத்துத் தேர்வில் 33 சதவீதம் போதும், ஆனால் செய்முறையில் 60 வேண்டும். தம்பி போன்ற பிள்ளைக்கு இதைவிட நியாயமான தேர்வு நான் பார்த்ததில்லை. வருகையை மட்டும் நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். தெரு அண்ணன் "ஒரு நாள் வா, ஐநூறு தர்றேன்" என்று கூப்பிடுவார், அந்த ஐநூறில்தான் 80 சதவீதம் கரையும்.

அப்புறம் மொழிப்பாடங்கள். தமிழ் ஒரு தாள், ஆங்கிலம் ஒரு தாள், தேற 35 மதிப்பெண். அரசுத் தேர்வுகள் இயக்ககம் தனித்தேர்வர்களுக்கு அறிவிப்பு விடும்போது விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள். அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டும். நாளைத் தவறவிட்டால் தக்கல் என்று கூடுதல் பணம் கட்ட வேண்டியிருக்கும். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு விஷயத்தில் அரசு மாற்றம் கொண்டுவந்திருப்பதால், எந்தெந்தத் தாள் எழுத வேண்டும் என்பதை ஐடிஐ முதல்வரிடம் அந்த வருட உத்தரவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். தம்பிக்குத் தமிழ் பயமில்லை. ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறுகிறது. ஐடிஐ இரண்டாம் வருடம் தொடங்கும்போதே தினமும் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்கட்டும், டியூஷன் தேவையில்லை.

செலவைக் கேட்டீர்கள். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை அவன் வாங்குவான். சைக்கிள், சீருடை, காலணி, கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் விலையில்லாமல் வரும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலும் படித்த பிள்ளைகளுக்கு, தம்பி படித்தது தனியார் மெட்ரிக் பள்ளி. தனியார் ஐடிஐ என்றால் கணக்கு வேறு. அரசு ஐடிஐயில் இடம் கிடைக்காவிட்டால் மட்டும் அதைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் அண்ணன் கடைசியாகக் கேட்டார், "அப்போ இன்ஜினியர் ஆகவே முடியாதா?" அவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த இணைச் சான்றை வைத்து நேராக பி.இ. முதலாண்டில் சேர முடியாது, அதற்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் வேண்டும். நீட்டும் கிடையாது. கலைக் கல்லூரியில் பி.ஏ., பி.காம். போன்ற படிப்புகளுக்கு இது உதவும். ஆனால் இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐடிஐ இரண்டு, டிப்ளமோ இரண்டு, பி.இ. மூன்று, மொத்தம் ஏழு வருடம். பள்ளி வழியாகப் போனால் ஆறு. வித்தியாசம் ஒரே வருடம், அதுவும் ஒவ்வொரு கட்டத்திலும் கையில் ஒரு சான்றிதழும் வேலையும் இருக்கும். எங்கே நிறுத்துவது என்பதைத் தம்பியே அப்போது முடிவு செய்வான், இருபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும் அவனுக்கு.

அரசு வேலை என்றால், ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கே பத்தாம் வகுப்போடு ஐடிஐ கேட்கிறார்கள். சென்னை ஐசிஎஃப், திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி எல்லாம் ஐடிஐ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்து அப்ரன்டிஸாக எடுக்கின்றன. அப்ரன்டிஸ் முடித்தால் நிரந்தர வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்பவரையும் நம்பாதீர்கள். ஆனால் அந்த அனுபவச் சான்றுக்கு வெளியே நல்ல மதிப்பு உண்டு.

இப்போது செய்ய வேண்டியது இது. பழைய பள்ளியில் டிசி வாங்குங்கள். கட்டண பாக்கி என்று இழுத்தால் பயப்பட வேண்டாம். பாக்கியை டிசியில் குறித்து எழுதக் கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை மரியாதையாகச் சொல்லிக் கேளுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ இவற்றை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அறிவிப்பு வருவதற்குள் ஒரு வேலைநாளில் அப்பாவும் தம்பியும் பக்கத்து அரசு ஐடிஐக்குப் போய்ப் பட்டறையைப் பார்த்துவிட்டு வரட்டும். அனுமதி கேட்டால் காட்டுவார்கள். படிக்கும் பையன்களோடு தம்பி தனியாகக் கொஞ்ச நேரம் பேசட்டும், அப்பா வெளியே டீ குடிக்கட்டும்.

விண்ணப்பத்தில் எந்த ஐடிஐ, எந்தத் தொழிற்பிரிவு என்று வரிசைப்படுத்தும் இடம் வரும்போது தம்பியை உட்கார வைத்து அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். அண்ணன் அன்று வீட்டுக்கு வந்தால் சாப்பாடு போடுங்கள், இந்தத் தாளையும் கொடுங்கள். இதற்கு மேலும் அவருக்குச் சந்தேகம் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.