பெரியவர்களுக்கான கூடைப்பந்து லீக்கில், இதுவரை ஆடிப் பழகாதவர் சேரலாமா?

சேரலாம். பொழுதுபோக்கு லீக் என்பது வேலைக்குச் செல்லும் பெரியவர்கள் மாலைகளிலும் வார இறுதிகளிலும் ஆடும், அட்டவணையும் நடுவரும் உள்ள போட்டித் தொடராகும். களத்தில் ஓர் அணிக்கு 5 பேர் நின்றாலும் பந்து ஒருவர் கையில்தான் இருக்கும் என்பதாலும், மாற்று ஆட்டக்காரரை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம் என்பதாலும், புதியவர் சில நிமிடங்கள் மட்டும் ஆடி அணிக்குப் பயன்பட முடிகிறது. கோயில் அன்னதானத்திற்கு முதன்முறை தொண்டு செய்ய வருபவரிடம் சாம்பார் அண்டாவை ஒப்படைக்காமல் காய் நறுக்கச் சொல்வதைப் போன்றதுதான் இது.

அந்தக் காய் நறுக்கும் வேலை எது என்றால், தற்காப்பு. எதிரணியினர் பந்தை வளையத்தை நோக்கி எறிந்தவுடன் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்காமல், அருகிலுள்ள எதிராளிக்கும் வளையத்திற்கும் நடுவே புகுந்து, முழங்காலை மடக்கி, முதுகால் அவரை மறித்து நின்றால், திரும்பி விழும் பந்து பெரும்பாலும் உங்கள் அணிக்கே கிடைக்கும். கையால் பிடித்து இழுத்தால் தவறாகும். அனைத்துலக விதிப்படி 5 தவறுகள் செய்தவர் அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும்.

பணம் கட்டுமுன் தொடக்கநிலைப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். அதுவரை வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கிற்கு அருகிலுள்ள திடலில் பழகலாம். (ஓட்டக் காலணி பக்கவாட்டு அசைவுக்கு ஏற்றதன்று, இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.)

உயரமானவர்களுக்கே இந்த ஆட்டம் என்பது தவறான எண்ணம்: வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், பந்தைத் தட்டிச் செல்வதும் சக ஆட்டக்காரருக்குக் கடத்துவதும் இடுப்பு, மார்பு உயரத்தில்தான் நடக்கின்றன.