‘இந்நான்கல்லது குடியும் இல்லை’: என்ன சொல்கிறது புறநானூறு 335?

கேள்வி: ‘துடியன் பாணன் பறையன் கடம்பன் என்று இந்நான்கல்லது குடியும் இல்லை’ என்பது புறநானூற்றில் 335-ஆம் பாடலான மாங்குடி கிழார் பாட்டு. சங்க காலத்தில் சாதி இருந்ததற்கு இதுவே சான்று என்கிறார் ஒருவர். இல்லாததற்கு இதுவே சான்று என்கிறார் இன்னொருவர். எது சரி?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இந்த அடியை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டையுமே நிறுவ முடியாது. பாட்டை முழுதாகப் படியுங்கள். குருந்து, முல்லை உள்ளிட்ட நான்கல்லது பூ இல்லை. வரகு, தினை, கொள், அவரை அல்லது உணவு இல்லை. அதன்பிறகுதான் நான்கு குடி. மூன்றும் ஒரே வாய்பாடு. ஆனால் இன்னொரு சங்கப் பாட்டான குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது. உணவுப் பட்டியலில் வராத நெல்லோ இதே பாட்டின் கடைசி அடியில் வருகிறது. ஆகவே ‘இல்லை’ என்பது தமிழகம் முழுமைக்கும் எடுத்த கணக்கு அல்ல, ஒரு புன்செய்ச் சீறூரின் பெருமிதம். பாட்டின் துறையும் (பொருள் வகையும்) மூதின் முல்லை, அதாவது மறக்குடியின் சிறப்பைப் பாடுவது. அடுக்கு முழுவதும் போய்ச் சேருமிடம், போரில் களிற்றைக் கொன்று தானும் வீழ்ந்தவனின் நடுகல்.

நடுகல்லைத் தவிர நெல் தூவி வழிபடும் ‘கடவுளும் இலவே’ என்று பாட்டு முடிவதை வைத்துத் தமிழர்க்கு வேறு தெய்வமே இல்லை என்போரும் உண்டு. புறம் 56-இல் நக்கீரர் சிவன், பலராமன், திருமால், முருகன் நால்வரையும் பாண்டியனுக்கு உவமை சொல்கிறாரே!

அதற்காக, சாதி பற்றிய இன்றைய கேள்வியைப் பழம்பாட்டிடம் கேட்கவே கூடாது என்று சில புலவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கேட்க வேண்டும், பல பாடல்களிடம் கேட்க வேண்டும். 287-ஆம் பாடல் துடி கொட்டுபவனைப் ‘புலைய’ என்றும், கோல் கொண்டு முழக்குபவனை ‘இழிசின’ (இழிந்தவனே) என்றும் விளிக்கிறது. 82-இல் கட்டில் பின்னுபவன் இழிசினன். 335-இல் துடியன் ஊரின் பெருமைக்குரிய குடி. இந்த முரணை மறைக்காமல் விளக்குவதுதான் ஆய்வு. அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் தீண்டாமையின் வேரைப் பறையோடும் சாவோடும் கூடிய அணங்கு (அஞ்சத்தக்க தெய்வ ஆற்றல்) நம்பிக்கையில் தேடினார். இலங்கைத் திறனாய்வாளர் கைலாசபதி பாணர் மரபை வீரயுகச் சமூகத்தில் வைத்துப் பார்த்தார். இருவரும் ஓரடியில் நின்றுவிடவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. புறநானூற்றின் பழைய உரை 266 பாடல்களோடு நின்றுவிடுகிறது. 335-க்கு நாம் படிக்கும் உரைகளெல்லாம் 1894-இல் உ.வே.சா. பதிப்பு வந்தபின் எழுந்தவை. போதாக்குறைக்குப் பாட்டின் தொடக்கமும் சிதைந்திருக்கிறது. மேற்கோள் காட்டுமுன் இரண்டு பதிப்புகளையாவது ஒப்பிட்டு, எது மூலம், எது உரைகாரர் கருத்து என்று பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.