காப்புறுதிப் பணம் தர மறுத்தால் ஒம்புட்ஸ்மனிடம் போகலாமா?

போகலாம். காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்பவர் கம்பனிக்கும் காப்புறுதி எடுத்தவருக்கும் நடுவில் நின்று முறைப்பாட்டை விசாரிப்பவர். கட்டணம் இல்லை. பணம் கொடுக்கவேண்டிய கம்பனியேதான் 'தரமாட்டோம்' என்றும் முடிவெடுக்கிறது. வரம்புத் தகராறில் பக்கத்து வயல்காரரே தீர்ப்புச் சொல்வது மாதிரி. அதனால்தான் ஒரு மூன்றாம் ஆள்.

கிளிநொச்சியில் உங்கள் உழவு இயந்திரம் குடைசாய்ந்து, கோரிக்கை மறுக்கப்பட்டது என்று வையுங்கள். முதலில் கம்பனிக்கே எழுத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். கிளையில் போய் வாயால் சண்டை பிடித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. மறுப்புக் கடிதம் எந்த நிபந்தனையைக் காட்டுகிறது என்று பாருங்கள். சாரதி அனுமதிப்பத்திரம்தான் சிக்கல் என்றால் அதன் பிரதியையே இணையுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், எல்லாப் பிரதிகளுடனும் கொழும்பிலுள்ள ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம்.

அவரிடம் போனால் பிறகு வழக்குப் போட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அவருடைய முடிவை ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகலாம்.